ஏரேஷன் டேங்க் நலமா? அரை மணி நேர ஜாடிச் சோதனை

கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடும் நீரின் பிஓடி (அதிலுள்ள கழிவு எவ்வளவு ஆக்சிஜனைத் தின்னும் என்ற அளவு) முடிவு கைக்கு வர 5 நாள் ஆகும். கிளாரிஃபையரிலிருந்து (படியவிட்டு நீரைத் தெளியவைக்கும் தொட்டி) ஸ்லட்ஜ் (கழிவைத் தின்னும் நுண்ணுயிர் சேறு) வழிந்தோடியிருந்தால், தாளில் எண்ணைப் பார்க்கும் நேரத்தில் அது ஆற்றுக்குப் போய், மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தின்று முடித்திருக்கும். அதே சங்கதியை அன்றைக்கே சொல்ல ஒரு கண்ணாடி ஜாடி போதும்.

ஏரேஷன் டேங்கிலிருந்து (காற்று ஊதி நுண்ணுயிரை வளர்க்கும் தொட்டி) நீர் வெளியேறும் முனையில், நுரையை விலக்கி, அரை மீட்டர் ஆழத்தில் மாதிரி எடுங்கள். தினமும் அதே இடம், அதே நேரம். கால் மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கிவிடுங்கள். ஒல்லியான 1 லிட்டர் ஜாடியில் ஸ்லட்ஜ் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும்; 2 லிட்டர் அகலவாய் ஜாடிதான் நம்பகமானது.

மெதுவாகக் கலக்கி ஊற்றியதும் முதல் 5 நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள். பலர் கடைசி எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். பாதிச் செய்தி இந்த 5 நிமிடத்தில்தான் இருக்கிறது. நல்ல ஸ்லட்ஜ் திரிதிரியாகச் சேர்ந்து, கம்பளி விரித்தாற்போல் ஒரே பரப்பாக இறங்கும். மேலே நிற்கும் நீர் தெளிவாக இருக்கும். நீர் முழுக்கப் பால்போல் கலங்கியிருந்தால் ஸ்லட்ஜ் இளசு, அல்லது ஏதோ நச்சு உள்ளே வந்திருக்கிறது. ஸ்லட்ஜ் வேகமாக இறங்கியும் மேலே பொடித் துகள்கள் மிதந்தால், வயது கூடிவிட்டது.

30 நிமிடம் கழித்து, படிந்த ஸ்லட்ஜ் லிட்டருக்கு எத்தனை மில்லி என்று குறியுங்கள். அதை 1000-ஆல் பெருக்கி எம்எல்எஸ்எஸ் அளவால் (டேங்க் நீரில் லிட்டருக்கு எத்தனை மி.கி. திடப்பொருள் மிதக்கிறது என்பது) வகுத்தால் எஸ்விஐ, அதாவது ஸ்லட்ஜ் எவ்வளவு நன்றாகப் படிகிறது என்ற எண். 300 மில்லி, 3000 மி.கி. என்றால் 100. பொதுவாக 80 முதல் 150 வரை நல்லது. 200-ஐத் தாண்டினால் கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் மட்டம் ஏறத் தொடங்கும்.

அரை மணி கழித்தும் 900 மில்லியிலேயே நின்றால் உடனே குளோரினைத் தேடாதீர்கள். பாதி டேங்க் மாதிரி, பாதி தெளிந்த வெளியேறு நீர் கலந்து இன்னொரு ஜாடி வையுங்கள். அது 450-க்கும் வெகு கீழே, 200 மில்லி அளவுக்கு இறங்கினால், டேங்கில் ஸ்லட்ஜ் அதிகம், அவ்வளவுதான். மிகுதி ஸ்லட்ஜ் வெளியேற்றத்தைக் கூட்டுங்கள், ஆனால் ஒரு நாளைக்கு 10-15 சதவீதத்துக்கு மேல் மாற்ற வேண்டாம். கலந்த பிறகும் உப்பியே நின்றால் இழை பாக்டீரியா பெருகியிருக்கிறது. டிஓ (நீரில் கரைந்த ஆக்சிஜன்) லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே போகிறதா, பிஹெச் 6.5-க்குக் கீழா, அழுகி நாறும் கழிவு வருகிறதா, பிஓடி-நைட்ரஜன்-பாஸ்பரஸ் விகிதம் 100:5:1 இருக்கிறதா என்று பாருங்கள். டிஓவை 2-க்குக் கொண்டுவந்தாலே பல நேரம் சரியாகும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். கிளாரிஃபையரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ஸ்லட்ஜில் குளோரின் விடுவது இழைகளோடு வேண்டிய நுண்ணுயிரையும் கொல்லும்; அது கடைசி வழி.

30 நிமிடம் முடிந்ததும் ஜாடியைக் கொட்டிவிடாதீர்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் அப்படியே விடுங்கள். நன்றாகப் படிந்த ஸ்லட்ஜ் கட்டிகட்டியாக மேலே வந்தால் குச்சியால் கிளறுங்கள். குமிழி விட்டு மறுபடி மூழ்கினால், நைட்ரேட் உடைந்து நைட்ரஜன் வாயு உண்டாகிறது. இதற்கும் உப்பலுக்கும் சம்பந்தமில்லை; குளோரின் ஊற்றினால் பணம்தான் வீண். ஸ்லட்ஜ் கிளாரிஃபையரில் அதிக நேரம் தங்காதபடி திரும்பு பம்பின் வேகத்தைக் கூட்டுங்கள்.

எஸ்விஐ ஏறுமுகமாக இருக்கும் நாட்களில் மழை எதிர்பார்த்தால், கிளாரிஃபையர் ஸ்லட்ஜ் மட்டத்தை முன்னதாகவே இறக்கி வையுங்கள். மழைநீர் புகுந்து வரத்து இரட்டிப்பானால், மட்டம் உயர்ந்திருக்கும் கிளாரிஃபையரிலிருந்து ஸ்லட்ஜ்தான் முதலில் வழியும்.