மலையூர் வலைப்பூவில் விளம்பரம் வைத்து வருமானம் பெறுவது எப்படி?

நீலகிரியின் பேருந்து நேரங்கள், தங்கும் இடங்கள், தேயிலைத் தோட்ட வாழ்க்கை ஆகியவற்றைத் தமிழில் எழுதிவரும் ஒருவர் தமது வலைப்பூவில் விளம்பரம் வைக்க விரும்பினால், அவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கூகுள் ஆட்சென்ஸ் தானாகக் கொண்டுவந்து காட்டும் விளம்பரங்கள். மற்றொன்று, உள்ளூர்க் கடைக்காரர்களிடமும் தங்கும் விடுதி நடத்துபவர்களிடமும் நேரில் பேசிப் பெறும் விளம்பரங்கள். முதல் வழி எளிது. ஆனால் வாசகர் கூட்டம் சிறியதாக உள்ள வலைப்பூவுக்கு இரண்டாவது வழியே பலன் தரும் என்பது என் கணிப்பு.

ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களை ஏற்கிறது. விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகர் தரும் இலவச இணைய முகவரியிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், சொந்தமாக எழுதிய கட்டுரைகள் போதிய அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும். எங்கிருந்தோ எடுத்த மலை ரயில் படங்களையும் அவற்றுக்குக் கீழே இரண்டு வரிகளையும் வைத்துக்கொண்டு ஒப்புதலை எதிர்பார்க்க முடியாது. குக்கீகளை (வாசகரின் உலாவியில் சேமிக்கப்படும் சிறு தகவல் கோப்புகளை)ப் பயன்படுத்துவதைத் தெரிவிக்கும் தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் கட்டாயம் வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியது அஞ்சல் முகவரியில்தான். வருமானம் 10 டாலரைத் தொட்டதும், முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண் சாதாரணத் தபாலில் வரும். கதவு எண் இல்லாத எஸ்டேட் லைன் வீட்டில் வசிப்பவர் வீட்டுப் பெயரை மட்டும் எழுதினால் கடிதம் வந்து சேராது. எஸ்டேட்டின் பெயர், டிவிஷன், அஞ்சலகத்தின் பெயர், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை உங்கள் தபால்காரர் பார்த்தவுடன் அடையாளம் காணும் வகையில் எழுத வேண்டும். நான்கு மாதங்களுக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகு, அடுத்த மாதம் 21 முதல் 26ஆம் தேதிக்குள் பணம் அனுப்பப்படும். அதற்கு, வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு தேவை. சிறு கிளைகளுக்கு அது இல்லாமல் இருக்கலாம் என்பதால், எந்தக் கிளையின் குறியீட்டைத் தர வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவும்.

இனி, விளம்பரத்தை எங்கே வைப்பது என்பதைப் பார்ப்போம். பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் சிக்னல் வந்தும் போயும் இருக்க, பேருந்திலிருந்தபடி கைப்பேசியில் படிப்பவரே உங்கள் வாசகர். விளம்பரம் தாமதமாகத் திறந்து, அவர் படித்துக்கொண்டிருக்கும் வரியைக் கீழே தள்ளினால் அவர் பக்கத்தை மூடிவிடுவார். ஆகவே விளம்பரத்துக்கான உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கி, இரண்டாம் பத்திக்குப் பின் ஒன்றும் கட்டுரை முடிவில் ஒன்றும் வைத்தாலே போதும். திரை முழுவதையும் மறைக்கும் விளம்பரங்களைத் ஆட்சென்ஸின் தானியங்கி விளம்பர அமைப்பில் அணைத்துவிடலாம். பேருந்து நேர அட்டவணையின் நடுவிலோ தொலைபேசி எண்ணை ஒட்டியோ விளம்பரம் வைத்தால் விரல் தவறிப் படும். அத்தகைய சொடுக்குகள் செல்லாதவையாகக் கருதப்படும். தம் விளம்பரத்தைத் தாமே சொடுக்குவதும், உறவினர்களிடம் சொல்லிச் சொடுக்க வைப்பதும் கணக்கையே முடக்கிவிடும்.

நேரடி விளம்பரத்துக்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே மாதங்கள். மலர்க் கண்காட்சி ஊட்டியில் நடைபெறும் பருவம் அது. நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்கள் இணையத்தில் முன்அனுமதி பெறும் இ-பாஸ் நடைமுறையும் 2024 மே 7 முதல் வந்துவிட்டதால், அதைத் தெளிவாக விளக்கி, விதி மாறும்போதெல்லாம் திருத்தப்படும் கட்டுரைக்கு வாசகர்கள் தாமாகவே வருவார்கள். வர்க்கி (ஊட்டியின் மொறுமொறுப்பான பிஸ்கட்), தேயிலைத் தூள், நீலகிரித் தைலம் விற்பவர்களிடம் அந்தக் கட்டுரையின் மாத வாசகர் எண்ணிக்கையைக் காட்டி, சொடுக்குக் கணக்கு ஏதுமின்றி மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசவும். சீசனுக்கு ஒரு கட்டணமும் மழைக்காலத்துக்குக் குறைந்த கட்டணமும் வைப்பது நியாயம். தொடங்கும் நாள், முடியும் நாள், தொகை ஆகியவற்றை மின்னஞ்சலில் உறுதிசெய்த பிறகே படத்தை ஏற்றவும். அதன் மேல் ‘விளம்பரம்’ என்று தெரியும்படி எழுதி, இது பணம் பெற்றுத் தரும் இணைப்பு என்று தேடுபொறிகளுக்குத் தெரிவிக்கும் ‘ஸ்பான்சர்டு’ குறியை இணைப்பில் சேர்க்க வேண்டும். பணம் கொடுத்த விடுதியைப் புகழ்ந்து கட்டுரை எழுதச் சொன்னால் மறுத்துவிடுவதே நல்லது. அறை நன்றாக இல்லாவிட்டால் மலையேறி வந்தவர் உங்களைத்தான் ஏசுவார்.

இவ்விரு வழிகளிலும் வரும் பணம் வரிக்குரிய வருமானமே. வங்கி வரவுகளையும் கொடுத்த ரசீதுகளையும் மாதவாரியாகக் கோப்பில் வைத்திருந்தால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது தேட வேண்டியிராது.