புள்ளி வைத்துப் பாருங்கள்: கெஸ்டால்ட் விதிகளை வீட்டிலேயே சோதிக்கும் செய்முறை

கோலத்துக்குப் புள்ளி வைத்து முடித்ததும், கோடு இழுக்கும் முன் சற்று நின்று பாருங்கள். இருப்பவை வெறும் புள்ளிகள். ஆனாலும் அவை வரிசை கட்டி நிற்பதாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் கிடைவரிசை கலைந்து நெடுவரிசை ஆகும். தரையில் ஒரு துளி மாவும் நகரவில்லை. வரிசையைக் கட்டியது பார்க்கிறவரின் மனம்.

இப்படி மனம் சேர்த்துக்கட்டும் விதத்தைத்தான் கெஸ்டால்ட் உளவியல், அதாவது முழுமைக்காட்சி உளவியல், நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் எழுதிய கட்டுரை முழுக்கப் புள்ளிகளும் கோடுகளும்தான். நம் ஆட்கள் இந்த விதிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விதிகளை ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். எது எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது என்று சொந்தக் கண்ணால் பார்த்தால்தான் அவை புரியும்.

தேவையானவை: கோடு போடாத வெள்ளைத்தாள் பத்து, ஸ்கேல், பென்சில், அழிப்பான், கறுப்பு, சிவப்பு, நீல ஸ்கெட்ச் பேனாக்கள், ஒரு 5 ரூபாய் நாணயம், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) இரண்டு. கட்டம் போட்ட நோட்டு வேண்டாம். அதிலுள்ள கோடுகளே புள்ளிகளைச் சேர்த்துவிடும், சோதனை கெட்டுவிடும்.

படி 1: அருகாமை

முதல் தாளில் கிடையாகவும் நெடுக்காகவும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு புள்ளி என்று 6-க்கு 6 வையுங்கள். இது நேர்ப்புள்ளி. வரிசை ஒரு நேரம் கிடையாகவும் ஒரு நேரம் நெடுக்காகவும் மாறிமாறித் தெரியும். இரண்டாம் தாளில் பக்கத்துப் புள்ளிக்கு 1 செ.மீ., மேல்கீழ் வரிசைகளுக்கு இடையே 2 செ.மீ. விடுங்கள். இப்போது கிடைவரிசை மட்டும்தான். வலிய முயன்றாலும் நெடுவரிசை நிலைக்காது. பக்கத்தில் இருப்பவை ஒன்றுசேரும் என்பதே அருகாமை விதி.

கோலம் தெரிந்தவர்கள் இடுக்குப்புள்ளியிலும் செய்து பார்க்கலாம். சம தூரத்தில் வைத்தால் அதில் போட்டி மூன்று திசைகளுக்குள் நடக்கும்.

படி 2: ஒப்புமை, அப்புறம் முதல் மோதல்

மறுபடி சம இடைவெளியில் 6-க்கு 6. இந்த முறை ஒரு நெடுவரிசை சிவப்பு, அடுத்தது நீலம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். நெடுவரிசை சட்டென்று எழுந்து நிற்கும். ஒரே மாதிரி இருப்பவை ஒன்றுசேரும். இது ஒப்புமை விதி.

சரி, இனி மோதல். கிடை இடைவெளி 1 செ.மீ., மேல்கீழ் இடைவெளி 1.2 செ.மீ. வைத்து, அதே போல நெடுவரிசைகளுக்கு நிறம் கொடுங்கள். அருகாமை கிடையாக இழுக்கும், நிறம் நெடுக்காக இழுக்கும். அடுத்த தாளில் மேல்கீழ் இடைவெளியை 1.5 ஆக்குங்கள், அதற்கடுத்து 2, அப்புறம் 2.5. ஏதோ ஓர் இடத்தில் நிறம் தோற்று அருகாமை ஜெயிக்கும். அந்த இடம் எது என்று வீட்டில் உள்ளவர்களைத் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே தாளில் மாறாது. சிவப்புக்கும் நீலத்துக்கும் பதிலாகக் கறுப்பும் கருநீலமும் எடுத்தால் நிறம் முன்கூட்டியே தோற்றுவிடும்.

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். விதி என்றதும் சட்டம் போல நினைத்துவிடுகிறோம். உண்மையில் இவை ஒவ்வொன்றும் ஓர் இழுவிசை. இழுவிசை என்றால் கூட்டலாம், குறைக்கலாம், ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

படி 3: இணைப்பு

ஜெயித்த அருகாமையைத் தோற்கடிக்க ஒரு சின்ன வழி உண்டு. கடைசித் தாளில் 2.5 செ.மீ. தள்ளி இருக்கும் மேல்கீழ்ப் புள்ளிகளை மெல்லிய கோட்டால் இணையுங்கள். நெடுவரிசை திரும்பிவிடும். இந்த இணைப்பு வெர்தைமர் பட்டியலில் இல்லை. ஸ்டீஃபன் பால்மரும் இர்வின் ராக்கும் 1994-இல் சேர்த்தது.

படி 4: தொடர்ச்சி

சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இந்த விதி விரல்நுனியில் இருக்கிறது. கம்பி எத்தனை முறை குறுக்கே வெட்டினாலும், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கண் தடுமாறாமல் பின்தொடரும். வெட்டும் புள்ளியில் நான்கு வழி பிரிகிறது. கண் எப்போதும் திரும்பாமல் போகும் வழியையே எடுக்கிறது.

தாளின் நடுவில் இரண்டு வளைகோடுகள் குறுக்கே வெட்டும்படி கறுப்பில் பெரிதாக வரையுங்கள். உங்களுக்குத் தெரிவது இரண்டு நீளக் கோடுகள். இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு, இரண்டும் முதுகோடு முதுகு முட்டி நிற்கின்றன என்றும் அதே படத்தைப் படிக்கலாம். ஆனால் யாரும் அப்படிப் படிப்பதில்லை.

படிக்க வைக்கலாம். அதே படத்தை இன்னொரு தாளில் வரையுங்கள். இடப்பாதி முழுக்கச் சிவப்பு, வலப்பாதி முழுக்க நீலம். வெட்டிய கோடுகள் மறைந்து முட்டிக்கொள்ளும் இரண்டு வளைவுகள் வந்துவிடும். ஒப்புமை தொடர்ச்சியை வென்றுவிட்டது. சிக்குக் கோலத்தைப் பல நிறப் பொடியில் போடும்போது நிறத்தை வெட்டும் இடத்தில் மாற்றாமல், கம்பி முழுக்க ஒரே நிறமாக விட்டால்தான் பின்னல் அழகு கெடாது. மார்கழிக் கோலப் போட்டிக்குப் போகிறவர்கள் இதை அவசியம் செய்து பாருங்கள்.

படி 5: இல்லாத முக்கோணம்

பென்சிலால் லேசாக 5 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணம் வரையுங்கள். ஒவ்வொரு மூலையும் நடுவில் வரும்படி நாணயத்தை வைத்து வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் முக்கோணத்துக்கு வெளியே உள்ள பகுதியை மட்டும் கறுப்பாக நிரப்புங்கள். மை காய்ந்ததும் பென்சில் கோட்டை முழுவதும் அழித்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பவை மூன்று வெட்டுப்பட்ட வட்டங்கள். தெரிவதோ அவற்றின்மேல் படிந்த ஒரு வெள்ளை முக்கோணம், அதுவும் தாளைவிடக் கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக. விளிம்பும் தெரியும், வட்டங்களை விரலால் மறைத்தால் அங்கே வெறும் தாள்தான். இத்தாலியைச் சேர்ந்த கயேத்தானோ கனிட்ஸா 1955-இல் வெளியிட்ட உருவம் இது. சரியாகத் தெரியவில்லை என்றால் பக்கத்தை 4 செ.மீ. ஆக்குங்கள். கறுப்பு விளிம்பு எவ்வளவு நீளம், நடுவே வெற்றிடம் எவ்வளவு என்கிற விகிதம்தான் இங்கே முக்கியம். 1984-இல் குரங்குகளின் பார்வைப் புறணியை (மூளையில் பார்வையைக் கையாளும் மேற்பகுதி) ஆராய்ந்தவர்கள், இப்படிப்பட்ட இல்லாத விளிம்புக்கும் சில நரம்பணுக்கள் துடிப்பதைக் கண்டார்கள். ஆக, இது யோசித்துச் சொல்லும் ஊகம் அல்ல. பார்வையின் தொடக்கக் கட்டங்களிலேயே நடந்துவிடுகிற வேலை.

படி 6: உருவும் பின்னணியும்

இதற்கு வெளியே போக வேண்டும். புதுச்சேரியில் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள தெருக்களில், பழைய பிரெஞ்சு வீடுகளின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். குடுவை போல வளைந்த குட்டித் தூண்கள் வரிசையாக நிற்கும். தூணைப் பார்க்காமல் தூண்களுக்கு நடுவே உள்ள வான இடைவெளியை ஓர் உருவமாகப் பார்க்க முயலுங்கள். சில நொடிகள் ஆகும். வந்ததும் தூண் உருவம் இழந்து வெறும் பின்னணி ஆகிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் உருவாக நிற்காது. டென்மார்க்கின் எட்கர் ரூபின் 1915-இல் காட்டிய படமும், ஒரு நேரம் குடுவையாகவும் ஒரு நேரம் எதிரெதிரே இரண்டு முகங்களாகவும் தெரிவது, இதே சங்கதிதான்.

பொதுவாகச் சிறியதும், சூழப்பட்டதும், வெளிப்பக்கம் புடைத்ததும், இருபுறமும் ஒத்ததும் உருவமாகத் தெரியும். போனில் படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால் இடைவெளியைப் பிடிப்பது சுலபமாகலாம்.

படி 7: சேர்ந்து நகர்பவை

ஓ.எச்.பி. ஷீட் ஒன்றில் தாறுமாறாகப் புள்ளிகள் நிரப்புங்கள். இன்னொன்றில் மீன் வடிவத்துக்குள் மட்டும் அதே பருமனுள்ள புள்ளிகளைத் தாறுமாறாக வையுங்கள். மீனுக்கு விளிம்புக் கோடு போடக் கூடாது. மீன் ஷீட்டை மற்றதன்மேல் வைத்தால் அங்கங்கே நெருக்கம் கூடியது போல இருக்குமே தவிர, மீன் பிடிபடாது. மேல் ஷீட்டை மெல்ல இழுங்கள், மீன் நீந்தும். நிறுத்தினால் கரையும். கடலூர் வெள்ளி கடற்கரையிலோ, மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு புதுச்சேரி பீச் ரோட்டிலோ உட்கார்ந்தால் இதையே கூட்டத்தில் பார்க்கலாம். தூரத்தில் எதிர்த்திசைக் கூட்டத்தை ஊடுருவி வரும் ஒரு குடும்பத்தைக் கண் ஒரு கொத்தாகப் பிடித்துவிடும்.

படி 8: நகராதது நகர்வது

கெஸ்டால்ட் உளவியல் பிறந்ததே இங்கிருந்துதான். 1910-இல் வெர்தைமர் ஃப்ராங்ஃபர்ட்டில் சோதனை தொடங்கினார். அவர் காட்டியதைப் பார்த்துச் சொன்னவர்களில் உளவியலாளர்கள் வுல்ஃப்காங் கோலரும் குர்ட் கோஃப்காவும் முக்கியமானவர்கள். முடிவு 1912-இல் வெளியானது. இரண்டு கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டினார். இடைவெளி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஒன்றுக்குப் பின் ஒன்று. சுமார் 0.03 நொடி என்றால் இரண்டும் சேர்ந்தே தெரிந்தன. நடுவே 0.06 நொடியை ஒட்டி, ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது.

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் தேர்த்திருவிழாவுக்குப் போனால் சீரியல் லைட் கட்அவுட்டின் முன் நில்லுங்கள். ஒளி ஓடும். போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பல்பும் நின்ற இடத்திலேயே எரிந்து அணைவது தெரியும். அதைப் பார்த்த கையோடு நிமிர்ந்து மறுபடி கட்அவுட்டைப் பாருங்கள். ஒளி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.