துப்பாக்கிப் பெட்டகத்தோடு வீடு மாறுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனமான பெட்டகங்களை இடம் மாற்றும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று தெரிகிறது. புதுத் தவறு யாரும் செய்வதில்லை. எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் சொதப்பிய அதே இடங்களில்தான் இவர்களும் சொதப்புகிறார்கள், அதே நம்பிக்கையோடு. வாசல் அகலத்தை அளப்பது, நல்ல காலணி போடுவது, முதுகை வளைத்துத் தூக்காமல் இருப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் பெட்டகத்தின் பக்கமே போகக் கூடாது. தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவது

ஆள் உயரத் துப்பாக்கிப் பெட்டகம் காலியாக இருக்கும்போதே 200 முதல் 400 கிலோ வரை இருக்கும். தடித்த எஃகில் செய்தது அதையும் தாண்டும். வெளியே தெரியும் இரும்பு மட்டும் எடை இல்லை. தீ தாங்குவதற்காகப் பல பெட்டகங்களில் உட்சுவர் முழுக்க ஜிப்சம் பலகை அடுக்கியிருப்பார்கள். அதனால் ஒரே அளவுள்ள இரண்டு பெட்டகங்களுக்கு இடையே நூறு கிலோ வித்தியாசம்கூட இருக்கலாம். கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தகவல் அட்டையைப் படியுங்கள், அல்லது மாடல் பெயரை வைத்து எடையைத் தேடுங்கள். அப்புறம் கைவண்டி எவ்வளவு தாங்கும் என்று அதிலேயே எழுதியிருப்பதைப் பாருங்கள். சாதாரணக் கைவண்டி பல 270 கிலோவோடு நின்றுவிடும்.

மாடிப்படி என்றால் கணக்கு இன்னும் ஏறும். 400 கிலோ பெட்டகம், மூன்று ஆட்கள், வண்டி எல்லாம் சேர்ந்து ஒரே படிக்கட்டில் 650 கிலோவைத் தாண்டிவிடும். மரப்படி அதற்காகச் செய்யப்பட்டதில்லை. தளத்தையும் யோசிக்க வேண்டும். வீட்டுத் தளத்துக்குப் பல நாடுகளின் கட்டட விதிகள் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. 75 செ.மீ. அகலமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள பெட்டகம் 400 கிலோ இருந்தால், அது நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 900 கிலோவை நெருங்குகிறது. விதியில் இருப்பது தளம் முழுக்கப் பரவிய சுமை என்பதால், இதைப் பார்த்தவுடனே தளம் உடைந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மரத்தளம் உள்ள மாடி அறையின் நட்டநடுவில் கொண்டுபோய் வைப்பதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள். பொதுவாகத் தரைத்தளமும், எடை தாங்கும் சுவரை ஒட்டிய இடமும் நல்லது.

உள்ளே சாமானோடு நகர்த்துவது

கூடாது. துப்பாக்கிகளைக் குண்டு நீக்கிப் பூட்டிய உறைப்பெட்டிகளில் வையுங்கள், தோட்டாக்களைத் தனியாக எடுத்துச் செல்லுங்கள். போகிற ஊரின் சட்டம் என்ன சொல்கிறது, உரிமத்தில் முகவரியை மாற்ற வேண்டுமா என்பதை லாரி வருவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கதவுப் பக்கத்தை மறப்பது

பெட்டகத்தின் கனம் முன்பக்கம்தான். கதவும், பூட்டும், தாழ்க்கம்பிகளும் அங்கேதான் இருக்கின்றன. காலியான பெட்டகத்தைத் தரையில் பொருத்தாமல் கதவை முழுதாகத் திறந்தால், ஈர்ப்பு மையம் முன்விளிம்பைத் தாண்டிப்போய் மொத்தப் பெட்டகமும் முன்னால் கவிழலாம். திறந்தவர் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார். கீல் வெளியே தெரியும் சில மாடல்களில் கதவைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோகலாம், எடை நன்றாகக் குறையும். ஆனால் கதவு மட்டுமே இரண்டு மூன்று பேர் தூக்கும் கனம் இருக்கும். தயாரிப்பாளரின் கையேடு கழற்றலாம் என்று சொன்னால் மட்டும் கைவையுங்கள். படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் முதுகுப்பக்கம் மட்டும் கீழே இருக்கட்டும், கதவின் மீது ஒருபோதும் வேண்டாம்.

படியில் பெட்டகத்துக்குக் கீழே நிற்பது

நிற்காதீர்கள். ‘நழுவினால் பிடித்துக்கொள்கிறேன்’ என்று சொல்கிறவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வந்து சேர்ந்த அன்றே சாமானை அடுக்கிப் பூட்டுவது

இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. மற்ற தவறுகளுக்காவது எடையின் மீது பழி போடலாம். இது வெறும் அவசரம்.

பெட்டகம் மூலையில் வந்து நிற்கும். எல்லோரும் களைத்திருப்பார்கள். யாரோ எண்ணைப் போட்டுத் திறந்து பார்ப்பார், திறக்கும். ‘அண்ணா, எல்லாம் சரியா இருக்கு’ என்று ஒரு குரல் வரும். வீட்டுக்காரர் துப்பாக்கிகளை அடுக்குவார், கூடவே உரிமம், வீட்டுப் பத்திரம், எலக்ட்ரானிக் பூட்டுக்கென்று கொடுத்த அவசரச் சாவி (ஆமாம், அதையும் உள்ளே வைக்கிறவர்கள் உண்டு). கதவைச் சாத்திப் பூட்டுவார். மறுநாள் காலையில் திறக்காது. ‘பழைய வீட்டில் நன்றாகத்தானே திறந்தது?’ என்பார்.

பழைய வீட்டில் திறந்தது, பயணம் போகாத பூட்டு. பூட்டு என்பது கதவின் உட்புறம் சில திருகுகளை நம்பி நிற்கும் சின்ன உறுப்பு. லாரியின் குலுக்கலில் அந்தத் திருகுகள் தளரலாம். கீபேடிலிருந்து உள்ளே போகும் மெல்லிய ஒயர் நசுங்கியிருக்கலாம். இன்னொன்று ரீலாக்கர். திருடன் பூட்டைத் தாக்கினால் தானாகப் பாய்ந்து கதவை இன்னொரு முறை அடைக்கும் ஸ்பிரிங் தாழ் அது. சில பெட்டகங்களில் அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு கண்ணாடித் தகடு. துளைபோடும்போது கண்ணாடி உடைந்தால் தாழ் விழ வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வண்டியிலிருந்து பெட்டகத்தை ‘டம்’மென்று இறக்கும்போதும் அதே கண்ணாடி விரிசல் விடலாம். விழுந்த தாழுக்கு உங்களைத் தெரியாது, சரியான எண்ணைப் போட்டாலும் விலகாது.

டயல் பூட்டில் வேறொரு பொறி இருக்கிறது. தினமும் திறக்கிறவர்களில் சிலர், டயலை முழுதாகச் சுழற்றிக் கலைக்காமல் கொஞ்சம் மட்டும் நகர்த்தி வைத்துக்கொள்வார்கள், கடைசி எண் மட்டும் போட்டால் திறந்துவிடும். வருடக்கணக்கில் இப்படிப் பழகியவருக்கு முதல் இரண்டு எண்கள் மறந்தே போயிருக்கும். இறக்கும் இடத்தில் ஒரு பையன் விளையாட்டாக டயலைச் சுற்றுவான். அவ்வளவுதான்.

ஆனால் நான் அதிகம் பார்ப்பது தரைக் கோளாறு. ஒரு வீட்டில் பெட்டகத்தின் ஒரு மூலைக்கு அடியில் கம்பள விளிம்பு மாட்டிக்கொண்டிருந்தது. உடல் லேசாக முறுக்கிக்கொண்டு, கதவின் தாழ்க்கம்பிகள் சட்டத்தில் அழுந்தின. வைத்த இளைஞருக்கு அது கையில் தெரிந்திருக்கிறது. பிறகு கேட்டபோது, ‘கைப்பிடி கொஞ்சம் டைட்டாத்தான் இருந்துச்சு, போகப் போகச் சரியாயிடும்னு நினைச்சேன்’ என்றார். எதுவும் போகப் போகச் சரியாகவில்லை. எலக்ட்ரானிக் பூட்டின் சின்ன மோட்டாரால் அந்த அழுத்தத்துக்கு எதிராகப் பூட்டின் நாக்கை இழுக்க முடியவில்லை. வீட்டுக்காரர் கைப்பிடியைப் பலம் கொண்ட மட்டும் திருப்பினார். இப்படி முரட்டுத்தனமாகத் திருப்பினால் ஒடிந்து, உள்ளே இருப்பதைக் காப்பாற்றட்டும் என்று வைத்திருக்கும் ஊசி ஒடிந்தது. கடைசியில் பூட்டு வல்லுநர் வந்து கடின எஃகுத் தகட்டைத் துளைத்துத்தான் திறக்க முடிந்தது. வீடு மாற்றிய செலவைவிட அந்தப் பில் பெரியது. இத்தனைக்கும், ஊசி ஒடிவதற்கு முன்னால் கைப்பிடியைப் பூட்டும் திசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணைப் போட்டிருந்தால், அழுத்தம் விலகித் திறந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

எனவே செய்ய வேண்டியது இது. கிளம்புவதற்கு முன், கதவு திறந்திருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பித் தாழ்களை வெளியே தள்ளிப் பூட்டுங்கள், எண்ணைப் போட்டுத் திறங்கள். மூன்று முறை தடையில்லாமல் வேலை செய்ய வேண்டும். பேட்டரியைப் புதிதாக மாற்றுங்கள். பல கீபேடுகள் 9 வோல்ட் ஆல்கலைன் கேட்கும், மலிவானதை வாங்காதீர்கள். முழு எண்ணையும் எழுதி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தில் கதவு பூட்டியே இருக்கட்டும், உள்ளே ஒன்றும் வேண்டாம். அப்படியே பூட்டு மக்கர் செய்தாலும் காலிப் பெட்டகம்தானே, நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

புதிய இடத்தில், கைவண்டியின் பட்டையை அவிழ்க்காமல், பின்னால் ஒருவர் பிடித்திருக்க, கதவைக் கொஞ்சமாகத் திறங்கள். முன்பக்கம் கவிழும் என்று மேலே சொன்னது இங்கேதான் உதவும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், பள்ளமான மூலைக்கு எஃகுத் தகடு செருகுங்கள். பிறகு தரையோடு போல்ட் போடுங்கள். இது முடிந்த பிறகே கதவை அகலத் திறந்து, சாத்தாமல் பூட்டிச் சோதிப்பதை மறுபடி செய்யுங்கள். அப்புறம் காலியாகவே சாத்திப் பூட்டித் திறங்கள். ஓர் இரவு அப்படியே விட்டுக் காலையில் இன்னொரு முறை பாருங்கள். கைப்பிடி பழையபடி லகுவாகத் திரும்பவில்லை என்றால் சாமான் வைக்கிற பேச்சே கூடாது.

கைப்பிடியைப் பிடித்து இழுப்பது

அது கதவைத் திறக்க மட்டும்.

வெறும் தரையில் உருட்டுவது

கைவண்டியின் சின்னச் சக்கரங்களில் மொத்த எடையும் இரண்டு புள்ளிகளில் இறங்கும். ஓடு விரிசல் விடும், மரத்தரையில் வாய்க்கால் விழும். போகிற வழி முழுக்கத் தடித்த பிளைவுட் விரியுங்கள். இரண்டு பலகை இருந்தால் போதும், பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். சமமான கான்கிரீட் தரையில் குழாய்த் துண்டுகளை அடியில் போட்டு உருட்டுவது பழைய வித்தை, நன்றாகவே வேலை செய்யும். சரிவில் மட்டும் அதை முயலாதீர்கள், நிறுத்த ஒன்றும் இருக்காது.

பழைய போல்ட்டை மறப்பது, புதியதைப் போடாமல் விடுவது

நகர மறுக்கும் பெட்டகத்தைக் கடப்பாரை வைத்து நெம்புவதற்கு முன், உள்ளே விரித்திருக்கும் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். பாதி நேரம் ஆங்கர் போல்ட் அங்கே சிரித்துக்கொண்டிருக்கும்.

புதிய வீட்டில் போல்ட் தேவையில்லை, இவ்வளவு கனத்தை யார் தூக்கிப் போவார் என்று கேட்கிறார்கள். தூக்க வேண்டியதே இல்லை. திருடன் அதை மல்லாக்கச் சாய்த்துவிட்டால் போதும், கடப்பாரையில் தன் உடல் எடை முழுவதையும் ஏற்றிக் கதவை நெம்ப அவனுக்கு வசதியாகிவிடும். துளை போடுவதற்கு முன், தளத்துக்குள் ஒயர், தண்ணீர்க் குழாய், இழுவிசைக் கம்பி (கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க விறைப்பாக இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி) ஏதும் ஓடுகிறதா என்று கட்டியவரிடம் கேளுங்கள். இழுவிசைக் கம்பி இருக்கிறது என்றால் துளைக்கருவியை வைத்துவிட்டு, கம்பி ஓடும் இடத்தைக் கருவி வைத்துக் கண்டறிபவரை அழையுங்கள்.