ஹூசாவிக்கில் திமிங்கிலமும் கடற்பறவையும் பார்ப்பது எப்படி? முதல்முறை படகேறுபவர்களுக்கு

ஐஸ்லாந்தின் வடகரையில் ஸ்கியால்ஃபாண்டி என்ற அகலமான வளைகுடா இருக்கிறது. அதன் கிழக்குக் கரையில் உள்ள சின்ன மீன்பிடி ஊர்தான் ஹூசாவிக். 1995-இல் இங்கே திமிங்கிலம் பார்க்கும் படகுப் பயணங்கள் தொடங்கின. இரண்டு ஆறுகள் இந்த வளைகுடாவில் கலக்கின்றன. கோடையில் சூரியன் ஏறக்குறைய மறைவதே இல்லை. ஆறுகள் கொண்டுவரும் சத்தும் இந்த நீண்ட வெளிச்சமும் சேர்ந்து கடலில் நுண்ணுயிர்களைப் பெருக்குகின்றன. அவற்றைத் தின்ன, இறால் போன்ற சிறு உயிரான கிரில்லும் சிறு மீன்களும் வருகின்றன, அவற்றைத் தேடித் திமிங்கிலங்கள் வருகின்றன. கரீபியக் கடலில் குட்டி ஈன்றுவிட்டு இவ்வளவு தூரம் நீந்தி வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்களும் அவற்றில் உண்டு.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் படத்தில் பார்த்ததுபோலத் திமிங்கிலம் தண்ணீரை விட்டு எகிறும் காட்சிக்காகக் காத்திருக்கிறார்கள். அது அபூர்வம். அதற்கே காத்திருந்தால் கண்முன் நடக்கும் மற்றதெல்லாம் தவறிப்போகும். முதலில் தண்ணீரையும் பறவைகளையும் பார்க்கப் பழகுங்கள். திமிங்கிலம் எங்கே இருக்கிறது என்பதை அவைதான் காட்டிக்கொடுக்கும்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

படகுகள் மார்ச் முதல் நவம்பர் வரை ஓடுகின்றன. வண்ண அலகுள்ள பஃபின் என்ற கடற்பறவைகளோ ஏப்ரல் நடுவில் வந்து ஆகஸ்ட் நடுவில் திறந்த கடலுக்குப் போய்விடும். இரண்டையும் பார்க்க வேண்டுமானால் மே கடைசியிலிருந்து ஜூலை முடிவு வரைக்குள் போவது நல்லது. நீலத் திமிங்கிலம் எப்போதாவதுதான் தென்படும். அதற்கு ஜூன் மாதம் ஏற்றது.

2. காற்றைப் பாருங்கள்

இதுதான் மிக முக்கியமான படி. மழை வருமா வராதா என்று பார்க்கிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். லேசான தூறலில் திமிங்கிலம் நன்றாகவே தெரியும், அலையில் தெரியாது.

ஸ்கியால்ஃபாண்டியின் வாய் வடக்கு நோக்கித் திறந்திருக்கிறது. வடக்கிலிருந்து காற்று அடித்தால் பெருங்கடலின் அலை நேராக உள்ளே வரும். தெற்கிலிருந்து வந்தால் அது நிலத்தைத் தாண்டி வரும் காற்று, எழுந்து வளர அலைக்கு இடம் கிடையாது. அதனால் ஒரே வேகக் காற்றுதான் என்றாலும் திசை மாறினால் கடலும் மாறிவிடும்.

ஐஸ்லாந்து வானிலைத் துறை காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் தரும். 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். விநாடிக்கு 4 மீட்டருக்குக் கீழே இருந்தால் அருமையான நாள். 5-ஐ நெருங்கும்போது அங்கங்கே வெண்ணுரை தலைகாட்டும். 8-ஐத் தாண்டினால் கடல் முழுக்க வெண்ணுரைதான். அந்த நுரைக்கு நடுவில் திமிங்கிலத்தின் மூச்சைப் பிரித்துப் பார்ப்பது பழகிய கண்ணுக்கே சிரமம்.

இன்னொன்றும் உண்டு. நல்ல வெயில் அடிக்கும் நாளில் நிலம் சூடாகி, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று உள்ளே வீசத் தொடங்கும். ஆகவே வெயில் நாளில் காலைப் படகையோ, காற்று அடங்கிய பிறகு கிளம்பும் மாலைப் படகையோ பிடியுங்கள். மேகம் மூடிய, காற்றில்லாத நாளைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். கண் கூசாத அந்த வெளிச்சத்தில் சாம்பல் நிறத் தண்ணீரின் மேல் கரிய முதுகு எழும்போது தூரத்திலிருந்தே தெரியும். என்னைக் கேட்டால் அதுவே மிகச் சிறந்த நாள்.

முடிந்தால் ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். படகு ரத்தானால் மறுநாள் போகலாம். காத்திருக்கும் நேரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே திமிங்கில அருங்காட்சியகம் இருக்கிறது. 2010-இல் வடகரையில் ஒதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. படகேறுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டால், கடலில் தெரியும் ஒரு துண்டு முதுகுக்குக் கீழே எவ்வளவு உடல் இருக்கிறது என்பது மனதில் நிற்கும்.

3. படகைத் தேர்ந்தெடுங்கள்

பழைய ஓக் மரத்து மீன்பிடிப் படகுகளைப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். மெதுவாகப் போகும், ஆட்டம் குறைவு, உயரமாக நின்று பார்க்கலாம். பயணம் சுமார் 3 மணி நேரம். இன்னொரு வகை காற்றடைத்த ரப்பர் விளிம்பு கொண்ட விரைவுப் படகு. தூரத்துக்குச் சீக்கிரம் போகும், ஆனால் தூக்கித் தூக்கிப் போடும். முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதில் ஏறக் கூடாது. முதல்முறைக்கு மரப் படகே நல்லது. பஃபின்கள் கூடு கட்டும் லுண்டேய் தீவை ஒட்டிப் போகும் பயணமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. உடுப்பும் உடம்பும்

ஜூலையிலேயே சராசரி வெப்பம் சுமார் 10 டிகிரிதான், கடலில் அதைவிடக் குளிரும். படகில் தடித்த முழு உடுப்பு தருவார்கள். அதற்குள்ளே பருத்தி வேண்டாம், கம்பளி போடுங்கள். குல்லாவும் கையுறையும் அவசியம். குமட்டல் வருகிற உடம்பு என்றால் மருத்துவரைக் கேட்டு, மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள்.

இருகண்நோக்கி 8 மடங்கு பெரிதாக்குவது போதும். 10 மடங்கு என்றால் படகின் ஆட்டமும் சேர்ந்து பெரிதாகும். முதலில் வெறுங்கண்ணால் கண்டுபிடியுங்கள், பார்வையை அங்கேயே வைத்துக்கொண்டு கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

5. மணிக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள்

படகின் அணியம், அதாவது முன்முனை, 12 மணி. வலப்பக்கம் 3, பின்பக்கம் 6, இடப்பக்கம் 9. வழிகாட்டி “இரண்டு மணியில்” என்று சொன்னதும் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். நீங்கள் முதலில் கண்டால் நீங்களும் இப்படியே குரல் கொடுங்கள், தயங்க வேண்டாம்.

6. பறவைகளைப் படியுங்கள்

துறைமுகத்தை விட்டதுமே வேலை தொடங்கிவிடுகிறது. வரிசையாக ஒரே திசையில் பறக்கும் பறவைகள் கூட்டுக்கோ இரை தேடவோ போகின்றன, அவற்றை விட்டுவிடலாம். ஒரே இடத்தின் மேல் வட்டமடித்து, மாறி மாறித் தண்ணீரில் விழுந்து எழும் கூட்டம்தான் நமக்கு வேண்டியது. அங்கே மீன்கள் மேற்பரப்புக்கு வந்திருக்கின்றன. பல சமயம் அவற்றைக் கீழிருந்து விரட்டுவதே திமிங்கிலம்தான். அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

பறவைகளை அடையாளம் காண்பது இப்படி. விறைப்பாகச் சிறகை நீட்டி, அடிக்காமலே படகோடு கூட மிதந்து வருவது ஃபுல்மார். அலகின் மேல் குழாய் போன்ற மூக்கு இருக்கும். சிறகு நுனி முழுக் கறுப்பாக, இடையில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாமல் இருந்தால் கிட்டிவேக். மெல்லிய உடல், பிளந்த நீண்ட வால், ரத்தச் சிவப்பு அலகு என்றால் ஆர்க்டிக் ஆலா. நம்முடைய குளிர்காலத்தில் அது அண்டார்க்டிக் கடலில் இருக்கும். ஆலாவைத் துரத்தித் துரத்தி அதன் வாயிலிருக்கும் மீனைக் கக்கவைக்கும் பழுப்புப் பறவையைக் கண்டால் அது ஸ்குவா. அந்தத் துரத்தலை முழுக்கப் பாருங்கள், திமிங்கிலத்துக்கு இணையான காட்சி அது.

பஃபினைப் பெரிய பறவையாக எண்ணித் தேடுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். அதன் நீளம் சுமார் 30 சென்டிமீட்டர்தான், நம்மூர்க் காக்கையைவிடச் சிறியது. தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, நிமிடத்துக்கு 400 முறை வரை சிறகடித்துப் பறக்கும். தீவை நெருங்கும்போது தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் கூட்டங்களைப் பாருங்கள். ஜூலையில் குஞ்சுக்காக அலகின் குறுக்கே மீன்களை அடுக்கிக்கொண்டு போகும் பஃபின்கள் கண்ணில் படும்.

7. மூச்சு, முதுகு, வால்

கூன்முதுகுத் திமிங்கிலம் மூச்சு விட்டால் சுமார் 3 மீட்டர் உயரத்துக்குப் புதர்போல நீராவி எழும். அது காற்றில் கரைய ஓரிரு விநாடி ஆகும், அதற்குள் பார்த்தாக வேண்டும். மேலே சில முறை மூச்சு வாங்கிய பிறகு முதுகை நன்றாக வளைத்து வாலைத் தூக்கும். வால் தூக்கியது என்றால் ஆழத்துக்குப் போகிறது என்று அர்த்தம். உடனே கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடத்தில் திரும்பி மேலே வரும். முதல் இரண்டு முழுக்கை அளந்துவிட்டால் மூன்றாவது எப்போது என்று ஓரளவு சொல்லிவிடலாம். வால் மறைந்த இடத்தில் தண்ணீர் எண்ணெய் விட்டதுபோல வட்டமாக வழுவழுவென்று நிற்கும். அதையும் கவனியுங்கள்.

மிங்கே திமிங்கிலம் வேறு மாதிரி. மூச்சு அநேகமாகத் தெரியாது, வாலையும் தூக்காது. கூர்மையான மூக்கு, வளைந்த முதுகுத் துடுப்பு, இரண்டு மூன்று முறை எழுந்துவிட்டு ஆளைக் காணோம். வெண்மூக்கு டால்ஃபின்கள் கூட்டமாக வரும், சில சமயம் அணியத்துக்கு முன்னால் நீந்தும். டால்ஃபினைப் போன்ற கடல்பன்றி ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். அதன் சிறு முக்கோணத் துடுப்பைப் பார்க்க அசையாத கடல் வேண்டும். காற்றைப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. அவசரப்படுத்தாதீர்கள்

நல்ல படகோட்டி திமிங்கிலத்தைத் துரத்த மாட்டார். வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் நின்று, அது வரும் வழியை மறிக்காமல் காத்திருப்பார். “இன்னும் கிட்டே போங்கள்” என்று யாரும் கேட்கக் கூடாது. திமிங்கிலம் அடிக்கடி திசை மாற்றினாலோ மேலே இருக்கும் நேரம் குறைந்துகொண்டே போனாலோ அதற்குத் தொந்தரவாகிறது என்று அர்த்தம். அங்கிருந்து விலகிவிட வேண்டும்.

கரைக்கு வந்த பிறகும் ஒன்று. ஐஸ்லாந்தில் சில உணவகங்களில் திமிங்கில இறைச்சி கிடைக்கும். சுற்றுலாப் பயணிகள் ஆசைக்கு ஒரு வாய் தின்று பார்ப்பதும் வேட்டைக்கு ஆதரவுதான். தயவுசெய்து வாங்காதீர்கள்.

9. படமும் குறிப்பும்

கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடிக்கு வைத்து, தொடர்ச்சியாக எடுங்கள். திமிங்கிலம் முதுகை வளைக்கத் தொடங்கும்போதே அழுத்திவிட வேண்டும், வால் தெரிந்த பிறகு அழுத்தினால் தாமதம். திமிங்கிலத்துக்குப் பின்னால் நின்று எடுத்த படத்துக்குத்தான் மதிப்பு அதிகம். ஏனென்றால் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வால் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் தனி. தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு ஹேப்பிவேல் இணையதளத்தில் அந்தப் படத்தைப் பதிவேற்றுங்கள். அதே வாலை இதற்கு முன் வேறு யாராவது வேறு கடலில் எடுத்திருந்தால், எங்கே எந்த ஆண்டில் என்று உங்களுக்குத் தகவல் வரும்.