மடிக்கணினிச் செயலிகளை ஒப்பிடும் முறை

பெயரில் 7 இருப்பதாலேயே ஒரு செயலி (புராசசர்) வேகமானது என்று முடிவு செய்துவிட வேண்டாம். இன்டெல் ஐ7-1355யு 10 கோர்களுடன் (கணக்கிடும் உட்பகுதிகளுடன்) 15 வாட் அடிப்படை மின்திறனுக்கும், ஐ5-13500எச் 12 கோர்களுடன் 45 வாட்டுக்கும் வடிவமைக்கப்பட்டவை. வீடியோ தொகுப்பு போன்ற நீண்ட வேலைகளில் பொதுவாகப் பின்னதே முந்தும்.

செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் சோதனையைச் சார்ஜருடன் ஒரு முறையும் கழற்றிவிட்டு ஒரு முறையும் 10 நிமிடம் ஓடவிட்டு, கிடைக்கும் மதிப்பெண்ணை எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் காட்டும் செயலியின் சராசரி வாட் அளவால் வகுத்தால், ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பது தெரிந்துவிடும். முதல் நிமிட மதிப்பெண்ணை நம்பக் கூடாது: 1355யு தொடக்கத்தில் 55 வாட் வரை ஏறினாலும் விரைவில் இறங்கிவிடும், மெல்லிய உடலும் சிறிய விசிறியும் கொண்ட மடிக்கணினிகளில் இந்த இறக்கம் இன்னும் கூடுதல். எனவே, செயலியின் பெயரை அல்ல, வாங்கவிருக்கும் மாடலின் சோதனை முடிவையே ஒப்பிட வேண்டும். பேட்டரி நேரத்தை அளக்கும்போது ஒப்பிடும் இரு மடிக்கணினிகளின் திரை வெளிச்சமும் சமமாக இருக்கட்டும்.