ஹைவேயில் முறுக்கினால் பைக் திணறுகிறதா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதைப் பாருங்கள்

ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. பைபாஸ் ஏறி எழுபது, எண்பதில் போகும்போது லாரியை முந்தலாம் என்று முறுக்கினால் வண்டி ஒரு கணம் முக்கிவிட்டுத்தான் இழுக்கும். சில நேரம் இழுக்கவே இழுக்காது. எதிரே பஸ் வரும் நேரத்தில் இப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து. அதனால் சரிசெய்யும் வரை யாரையும் முந்தாதீர்கள்.

கீழே இருப்பது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டிக்கானது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு வாங்கியது என்றால் உங்களுடையது அநேகமாக எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பம்ப் மூலம் பீச்சும் வகை. அதைக் கடைசியில் சொல்கிறேன். ப்ளக் கழற்றுவது, டேங்க் இறக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எப்போது திணறுகிறது?

ஸ்பேனரைத் தொடும் முன் வண்டியை ஓட்டிப் பாருங்கள். காலியான நேர்ச்சாலை போதும். டாப் கியரில் எந்த ஆர்பிஎம்மில் திணறுகிறதோ, அதே ஆர்பிஎம்மை மூன்றாம் கியரில் பிடியுங்கள். அங்கேயும் மிஸ்ஸிங் அடித்தால் சந்தேகம் ஸ்பார்க் பக்கம். ஆர்பிஎம் எதுவானாலும் பாதிக்கு மேல் முறுக்கும்போது மட்டும் திணறினால் பெட்ரோல் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இது முடிவான தீர்ப்பு இல்லை. பலவீனமான ஸ்பார்க்கும் லோடு ஏறும்போதுதான் முதலில் காலை வாரும். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும். ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லையா? அது கிளட்ச் வழுக்குவது, வேறு வேலை.

படி 2: சோக்

ஹேண்டில்பாரில் சோக் (கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவது) லீவர் இருந்தால், திணறும் நேரத்தில் கொஞ்சமாக இழுங்கள். வண்டி தெளிந்தால் பெட்ரோல் குறைவாக வருகிறது. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. சோக் கார்புரேட்டரிலேயே இருந்தால் ஓடும் வண்டியில் குனிந்து கை விடவே கூடாது. இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

படி 3: ப்ளக், ஏர் ஃபில்டர்

ப்ளக் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி பிடித்திருந்தால் அதிகம். ஸ்பார்க் தாவும் இடைவெளி எவ்வளவு என்பது உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும். பல வண்டிகளுக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. கண்ணால் குத்துமதிப்பாக வைக்காமல் ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வாங்கிவிடுங்கள். காகித ஏர் ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

படி 4: டேங்க் மூடி

என் வண்டியில் ப்ளக் புதுசு, ஃபில்டர் புதுசு, கார்புரேட்டரும் கழுவியாகிவிட்டது. ஆனாலும் சேலத்திலிருந்து தர்மபுரி போகும் 44-ம் எண் நெடுஞ்சாலையில், தொப்பூர் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் எதுவும் நடக்காதது போலக் கிளம்பும். நிறுத்தினால் தானாகச் சரியாகிறது என்பதுதான் இங்கே துப்பு.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் விட்டுவிட்டுத்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக ஊற்றும். டேங்கும் அப்படித்தான். பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று உள்ளே வர வேண்டும். அந்த வழி மூடியில் உள்ள சின்னத் துளை. அது அடைத்தால் உள்ளே வெற்றிடம் உருவாகிப் பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். ஊருக்குள் செலவு குறைவு என்பதால் கசிந்து வரும் காற்றே போதும். ஹைவேயில் போதாது. டேங்க் நிறைய இருக்கும்போது மேலே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் தொல்லை சீக்கிரமே தெரியும்.

திணறத் தொடங்கியதும் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து கேளுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். வீட்டில் உறுதிசெய்ய, கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி ஒரு கேனில் விட்டு, டேங்க் மூடியை மூடியபடியே பெட்ரோல் டேப்பைத் (டேங்கின் அடியில் உள்ள குழாய்த் திருகு) திறங்கள். வெட்டவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு மட்டும். சில நொடிகள் நன்றாக வந்ததும் டேப்பை மூடிவிடாதீர்கள். வெற்றிடம் சேர நேரம் வேண்டும். தாரை மெலிந்து சொட்டாகிறதா என்று பொறுமையாகப் பார்த்து, மெலிந்ததும் மூடியைத் திறங்கள். உடனே பழையபடி கொட்டினால் வேறு சோதனையே வேண்டாம்.

என் மூடியின் அடியில் ரப்பர் வாஷருக்கும் தகட்டுக்கும் நடுவே வாட்டர் வாஷ் சேறு காய்ந்து கிடந்தது. மெல்லிய கம்பியால் கிளறி, பஞ்சர் கடையில் இலேசாகக் காற்றடித்ததும் சரியானது. துளையைப் பெரிதாக்காதீர்கள், மழைத்தண்ணீர் இறங்கும்.

மூடி திறந்திருந்தும் தாரை மெலிவு என்றால் டேப்புக்குள் இருக்கும் வலை, ஃபில்டர், மடங்கிய டியூப் ஆகியவற்றைப் பாருங்கள்.

படி 5: கார்புரேட்டர்

முதலில் பவுலின் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) அடித்திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் தனியாகத் தண்ணீர் நின்றால் டேங்கையும் காலி செய்யுங்கள். இப்போது வரும் இ20 பெட்ரோலில் (20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். ரொம்ப நாள் நிற்கும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை உண்டு. கார்புரேட்டர் சிவி வகை (உள்ளே இருக்கும் ஸ்லைடை வெற்றிடம் தூக்கும் வகை) என்றால், அந்த ஸ்லைடோடு சேர்ந்த டயாஃப்ரம் ரப்பரை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக விரித்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தாலும் ஸ்லைடு முழுதாக மேலே ஏறாது. கார்ப் கிளீனர் ஸ்பிரேயை அதன்மேல் அடித்தால் ரப்பர் ஊதிவிடும். மெயின் ஜெட்டில் (பெட்ரோல் அளவாக வரும் சின்னத் துளையுள்ள பித்தளைத் திருகு) கம்பி விடாதீர்கள், பித்தளை தேய்ந்து அளவு மாறும். திருகுகளுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) ஸ்க்ரூடிரைவர்தான் என் சிபாரிசு. சாதாரண ஸ்டார் முனை தலையை மழித்துவிடும்.

பின்சேர்க்கை: படி 4-ல் டேப்பைத் திறந்தும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். உங்களுடையது வேக்குவம் டேப். எஞ்சின் ஓடினால்தான் திறக்கும். ப்ரைம் நிலை இருந்தால் அதில் வைத்துச் சோதியுங்கள்.

எஃப்ஐ வண்டிக்கு: மூடிச் சோதனையின் முதல் பாதி இதற்கும் பொருந்தும். டியூபை மட்டும் கழற்றாதீர்கள், அதில் பிரஷர் இருக்கும். சாவி போட்டதும் பம்ப் 'ஙொய்' என்று ஓடி நிற்கிறதா, எஞ்சின் லைட் எரிந்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். லைட் எரிந்தால் ஸ்கேனர் உள்ள கடைக்குப் போங்கள். எரியாமலே திணறினால் பம்ப் பிரஷரை, வண்டி நிற்கும்போது மட்டுமில்லாமல் முறுக்கும்போதும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.