பைக்கோவில் மைக்ரோபைத்தான்: நிரலுக்கு வெளியே நடக்கும் தவறுகள்

ராஸ்பெரி பை பைக்கோ என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் மைக்ரோபைத்தான் (இத்தகைய போர்டுகளுக்கான சுருக்கமான பைத்தான்) ஏற்றி ஒரு எல்இடியைச் சிமிட்ட வைக்க அரை மணி நேரம் போதும். அது அரை நாளாக இழுத்தால், கோளாறு பெரும்பாலும் எழுதிய நிரலில் இருக்காது. கேபிளில் இருக்கும், ஃபர்ம்வேரில் (போர்டில் ஏற்றும் அடிப்படை மென்பொருளில்) இருக்கும், அல்லது நிரல் எந்தப் பைத்தானில் ஓடுகிறது என்ற குழப்பத்தில் இருக்கும். நிரலைத் திருத்தத் தொடங்குமுன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

கேபிள்தான் முதல் சந்தேகம். சார்ஜ் செய்வதற்கென்றே வரும் மைக்ரோ யூஎஸ்பி கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருக்காது. போர்டின் மேலுள்ள பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே அதைக் கணினியில் செருகுங்கள். ஆர்பிஐ-ஆர்பி2 என்ற பெயரில் ஒரு டிரைவ் தோன்றினால் கேபிள் சரி. பைக்கோ 2 என்றால் ஆர்பி2350 என்று வரும். எதுவுமே வராவிட்டால், டிரைவர் மென்பொருளைத் தேடி இறங்காமல் கேபிளை மாற்றுங்கள்.

அந்த டிரைவில் போடும் யூஎஃப்2 கோப்பு, அதாவது ஃபர்ம்வேர் கோப்பு, உங்கள் போர்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். பைக்கோ, பைக்கோ டபிள்யூ, பைக்கோ 2, பைக்கோ 2 டபிள்யூ நான்குக்கும் தனித்தனிக் கோப்புகள். சாதா பைக்கோவின் கோப்பைப் பைக்கோ டபிள்யூவில் போட்டால் மைக்ரோபைத்தான் ஓடத்தான் செய்யும், அதுதான் வம்பு. வைஃபை வராது, போர்டிலுள்ள எல்இடியும் எரியாது. பைக்கோவில் அந்த எல்இடி 25-ஆம் ஜிபிஐஓவில் (நிரலால் இயக்கக்கூடிய இணைப்பில்) இருக்கிறது. டபிள்யூவிலோ வைஃபை சிப்போடு இணைந்திருக்கிறது. 25 என்று எழுதிய பழைய நிரல் டபிள்யூவில் பிழைச்செய்தி எதுவும் தராமல் சும்மா ஓடும். எண்ணுக்குப் பதில் மேற்கோள் குறிக்குள் 'எல்இடி' என்ற பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கொடுத்தால் இரண்டு போர்டிலும் வேலை செய்யும்.

அடுத்து, அதிகம் பேரைச் சுற்றவிடும் விஷயம். தான்னி எடிட்டரைத் திறந்து, போர்டின் கால்களை இயக்க உதவும் மெஷின் மாடியூலை இம்போர்ட் செய்தால் 'மாடியூல்நாட்ஃபவுண்ட்எரர்' வருகிறது. உடனே பைத்தான் மாடியூல்களை நிறுவும் கருவியான பிப் மூலம் அதை நிறுவப் பார்க்கிறார்கள். மெஷின் என்பது ஃபர்ம்வேருக்குள்ளேயே இருக்கும் மாடியூல், பிப்பில் தேடிப் பயனில்லை. பிழையின் பெயரே துப்புக் கொடுத்துவிடுகிறது: மாடியூல் கிடைக்காதபோது கணினியின் பைத்தான் 'மாடியூல்நாட்ஃபவுண்ட்எரர்' என்று சொல்லும், மைக்ரோபைத்தான் வெறும் 'இம்போர்ட்எரர்' என்றுதான் சொல்லும். முதலாவது வந்தால் நிரல் போர்டுக்குப் போகவே இல்லை. தான்னியின் வலது கீழ் மூலையில் 'மைக்ரோபைத்தான் (ராஸ்பெரி பை பைக்கோ)' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது வந்தால், எஸ்எஸ்டி1306 திரைக்கான டிரைவர் போன்ற ஏதோ ஒரு கோப்பு போர்டில் இல்லை. கணினியில் அது இருந்து பயனில்லை, போர்டிலேயே ஏற்ற வேண்டும்.

போர்டு இணைந்திருக்கும் சீரியல் போர்ட் 'பிஸி' என்று வந்தால், விஎஸ் கோடோ வேறு சீரியல் மானிட்டரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டுவில் அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் பயனர் கணக்கை 'டயலவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

தான்னியில் ஓடியது, கேபிளைக் கழற்றி அடாப்டரில் போட்டால் ஓடவில்லையா? தான்னியின் பச்சை ரன் பட்டன் நிரலைப் போர்டின் ரேமில் ஓட்டுகிறதே தவிர அங்கே சேமிப்பதில்லை. சேமிக்கும்போது 'ராஸ்பெரி பை பைக்கோ'வைத் தேர்ந்தெடுத்து, 'மெயின்.பை' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் பெயர் கொடுங்கள்.

ஆனால் மெயின்.பைக்குள் ஒரு பொறி இருக்கிறது. முடிவில்லாத லூப்புக்குள் ட்ரை போட்டு, கீழே எந்தப் பிழை என்று குறிப்பிடாமல் வெறும் 'எக்செப்ட்' எழுதினால், கன்ட்ரோல்-சி அனுப்பும் நிறுத்தக் கட்டளையையும் அது விழுங்கிவிடும். தான்னியால் போர்டைப் பிடிக்கவே முடியாது. யூஎஃப்2-ஐ மறுபடி ஏற்றினாலும் மெயின்.பை அழியாது, ஏனென்றால் கோப்புகள் ஃபிளாஷ் நினைவகத்தின் வேறு பகுதியில் இருக்கின்றன. 'ஃபிளாஷ் நியூக்' என்ற யூஎஃப்2 கோப்பை ஏற்றி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஃபர்ம்வேரிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். 'எக்செப்ட் எக்செப்ஷன்' என்று எழுதினால் இந்த நிலை வராது. மெயின்.பையின் முதல் வரிகளில் மூன்று விநாடி ஸ்லீப் வைத்தால் தப்பிக்க இன்னொரு வழியும் கிடைக்கும்.

இனி கம்பிகள். நிரலில் 15 என்றால் ஜிபி15. போர்டின் ஓரத்தில் எண்ணி வரும் 15-ஆவது கால் அல்ல. ஜிபி15 இருப்பது 20-ஆவது காலில், 15-ஆவது காலில் இருப்பது ஜிபி11. ஹெடர் பின்களைச் சாலிடர் செய்யாமல் துளையில் வெறுமனே செருகி வைத்தால் தொடுப்பு விட்டுவிட்டு வரும்; சென்சார் கெட்டுவிட்டதாக நினைத்துத் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. பட்டன் அழுத்தாமலே அழுத்தியதாகக் காட்டினால் புல்-அப்பை (பட்டனை அழுத்தாதபோது காலை 3.3 வோல்ட்டில் பிடித்து வைக்கும் உள் ரெசிஸ்டரை) இயக்க மறந்திருப்பீர்கள்.

இதுவரை சொன்னவை நேரத்தைத்தான் தின்னும், மின்னழுத்தத் தவறு போர்டையே தின்றுவிடும். பைக்கோவின் ஆர்பி2040 சிப் 3.3 வோல்ட்டில் இயங்குவது. அதன் கால்களில் 5 வோல்ட் போகக் கூடாது. எச்.சி-எஸ்ஆர்04 தூர சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால் அதன் எக்கோ காலும் 5 வோல்ட்டையே திருப்பி அனுப்பும். எக்கோவிலிருந்து பைக்கோவின் காலுக்கு 1 கிலோ ஓம், அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் வைத்தால் அது சுமார் 3.3 வோல்ட்டாக இறங்கும். 2 கிலோ ஓம் கையில் இல்லையென்றால் இரண்டு 1 கிலோ ஓம்களைத் தொடராக வையுங்கள். எல்இடிக்கு 220 அல்லது 330 ஓம் ரெசிஸ்டர் அவசியம்.

சர்வோ மோட்டாரை 36-ஆவது காலிலுள்ள 3.3 வோல்ட்டில் இணைக்காதீர்கள். அது திரும்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். எஸ்ஜி90 போன்ற சிறிய சர்வோ ஒன்றைச் சோதித்துப் பார்க்க 40-ஆவது காலான விபஸ் (யூஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட்) போதும். அதற்கு மேல் என்றால் தனி 5 வோல்ட் சப்ளை வையுங்கள்; அதன் கிரவுண்டைப் பைக்கோவின் கிரவுண்டோடு சேர்க்காவிட்டால் சிக்னலுக்குப் பொதுவான அடிப்படை இல்லாமல் சர்வோ வெறுமனே நடுங்கும், அல்லது அசையவே அசையாது.